ஐந்து சபாபதிகளை எண்ணிய விதம்

தேர்தலுக்கு மறுநாள் காலையில், கிள்ளான் கம்போங் ஜாவா பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் லோகேஸ்வரி கண்விழித்தபோது, கட்டிலில் அவள் புருஷன் இரண்டு பேராகப் படுத்திருந்தார். இரண்டு பேரும் சபாபதிதான். வலது புருவத்துக்கு மேல் செம்பனைக் குலை விழுந்த தழும்பு இருவருக்கும் இருந்தது. குறட்டையும் இருவருக்கும் ஒரே இடத்தில் தடுக்கி மறுபடி ஏறியது. ஒருவர் முதல் நாள் போட்டிருந்த பழைய கட்சியின் சட்டையோடு கிடந்தார். மற்றவர் உடம்பில் புதிதாக ஜெயித்த அணியின் சட்டை இருந்தது. அதை அந்த வீட்டில் யாரும் வாங்கியதில்லை. நாட்டில் அறுபது வருஷத்துக்கு மேல் இருந்த ஆட்சி அன்று விடியும் முன் மாறியிருந்தது. அரசாங்கம் விடுமுறை விட்டிருந்ததால் அவள் யாரையும் எழுப்பவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தாள். வழக்கமாக ஒரு டின் போடுகிறவள் அன்று ஒன்றரை டின் போட்டாள். அந்த வாரம் கிள்ளான் பாசார்ச் சந்தையில் கெம்போங் மீன் விலை கிலோவுக்குப் பதினான்கு வெள்ளி.

சபாபதி பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் குலை தூக்கப் போனார். ஒரு குலை இருபது கிலோ வரும், முள் தனி. அந்தத் தோளோடு கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து, கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு அதிலேயே நிலைத்துவிட்டார். பகலில் ஃபோர்க்லிஃப்ட், மாலையில் கட்சிக் கிளை. கிளைத் தலைவர் நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார், அதுவும் வருஷா வருஷம் முறையாகத் தேர்தல் வைத்து. வழி எளிது. ஆண்டுக்கூட்டம் பத்து மணிக்கு என்று எல்லாருக்கும் சொல்லுவார். எட்டு மணிக்கு என்று தன் ஆட்களுக்கு மட்டும் சொல்லுவார். மற்றவர்கள் பத்து மணிக்கு வந்து சேரும்போது தலைவர் தேர்வாகி, மாலை விழுந்து, மீ கோரெங் தட்டுகள் கழுவியாகியிருக்கும். இதை யாரும் மோசடி என்று சொன்னதில்லை. சபாபதிக்குச் சீக்கிரம் எழுந்திருக்கிற பழக்கம் என்றுதான் சொன்னார்கள். வீட்டிலும் அதே முறை. மகள் தாமரையை எந்தப் பள்ளியில் போடுவது, பழைய காரை விற்பதா வேண்டாமா என்று எது வந்தாலும் மனைவியையும் மகளையும் ஹாலில் உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்பார். பொறுமையாகக் கேட்பார், தலையை ஆட்டுவார். பிறகு போன வாரமே செய்துவிட்டு வந்த முடிவைச் சொல்லுவார்.

விடுமுறை முடிந்து இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் கிடங்குக்குப் போனார்கள். பழையவர் ஃபோர்க்லிஃப்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி அசையவில்லை. அந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு விசை உண்டு. ஆள் பாரம் அதன்மேல் இறங்கினால்தான் வண்டி நகரும். பழையவர் எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார், சீட்டைக் குத்தியும் பார்த்தார். சூப்பர்வைசர் பையன் வந்து, "அண்ணே, சீட்டுக்கு உங்களத் தெரியலண்ணே" என்றான். சரக்குத் தராசில் ஏற்றினார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ மனிதர் நாற்பத்துமூன்றாக இருந்தார். புதியவர் நாற்பத்தொன்பது. உருவத்தில் குறைவில்லை, தொப்பைகூட அதே தொப்பை. பாரம் மட்டும் பிரிந்திருந்தது. விசைக்கு நாற்பத்தாறு வேண்டும். புதியவர் ஏறி உட்கார்ந்தார், வண்டி உறுமியது. அவர் முதல் பலகைச் சரக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது பழையவர் தராசின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. கிடங்கு நிர்வாகம் ஒரு வேலைக்கு ஒரு சம்பளம் என்று சொல்லி முடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து பழையவர் ஹாலில் இருந்தார். புதியவர் வேலை முடிந்து வந்தால் நேராகக் குசினிக்குப் போய், லோகேஸ்வரி சமைக்கிற இடத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்காருவார். ஆகவே தாமான்காரர்கள் ஒருவரை ஹால் சபாபதி என்றும் மற்றவரைக் குசினி சபாபதி என்றும் சொல்லத் தொடங்கினார்கள். லோகேஸ்வரி கட்டிலை இருவருக்கும் கொடுக்கவில்லை. படுக்கையறையைப் பூட்டிவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள். ஹால் சபாபதிக்குக் கட்டில் போனது பெரிதில்லை. சிரிப்புதான் பெரிது. குசினியிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் வரும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுப்பார். அந்த ஆள் என்னத்தைச் சொல்லுகிறான்? உப்பு பற்றிக் கேட்கிறான், அவளுடைய முழங்கால் வலி பற்றிக் கேட்கிறான். இதற்கா சிரிக்கிறாள்? தன் முகத்தை வைத்துக்கொண்டு தன் பெண்சாதியிடம் இன்னொருவன் நல்ல பேர் வாங்குவது எப்படிப்பட்ட எரிச்சல் என்பதை அவர் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வேறு ஒருத்தனாக இருந்தால் பாராங்கத்தியை எடுத்திருப்பார்.

மகள் தாமரை அப்போது பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாட்டின் கட்சி முறையை எந்த வகையில் சேர்ப்பது என்பதுதான் அவள் முதுகலை ஆய்வு. வீட்டில் நடப்பதை அவள் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை, வசதியாகப் பார்த்தாள். ஒரு நாள் ஹால் சபாபதியிடமே சொன்னாள்: "நீங்க தனியா இருந்தப்ப அது ஒரு கட்சி முறை இல்லப்பா. ஒரு கட்சி முறைன்னா மத்தவங்க வாயத் தொறக்கவே கூடாது. நீங்க எங்களப் பேச விட்டீங்க. ஆனா யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே தெரியும். அதுக்குப் பேரு ஆதிக்கக் கட்சி முறை."

"இப்ப?"

"இப்ப ரெண்டு கட்சி முறை மாதிரி இருக்கு. ஒருத்தர் போனா ஒருத்தர் வரலாம்."

ஹால் சபாபதிக்கு அதில் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது. வரலாம். அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். எடை ஏறவில்லை.

மற்றவர் வீட்டு அதிசயத்தில் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லிக்குப் பொறாமை இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "உனக்கென்ன லோகா, ஒண்ணு வேலைக்குப் போகுது, ஒண்ணு வீட்டக் காக்குது. எனக்கு வாய்ச்சது ஒண்ணே ஒண்ணு, அதுவும் சோபாவோட ஒட்டிக்கிச்சு" என்பாள். லோகேஸ்வரி துணி பிழிந்துகொண்டே, "அரிசி நீ வாங்கிக் குடு, ஒண்ண அனுப்பிவைக்கிறேன்" என்பாள். இரண்டு சபாபதிக்கும் அது கேட்கும். அனுப்புவதென்றால் எந்த ஒன்று என்று இரண்டு பேரும் யோசிப்பார்கள்.

இரண்டு வருஷம் நிறைவதற்குள், இரண்டாயிரத்து இருபது பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைநகரில் கட்சிகள் இடம் மாறின. யார் யாரோடு என்று பத்திரிகைக்காரர்களுக்கே பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் ஐந்து சபாபதிகள் இருந்தார்கள். மூன்றாமவர் கார் நிறுத்துகிற போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நாலாமவர் ஸ்டோர் அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில். ஐந்தாமவர் துணி துவைக்கிற மிஷின் மேல் சம்மணம் போட்டிருந்தார். ஏழே கிலோ, கதவைப் படாரென்று சாத்தினால் ஒரு சாண் நகர்ந்துவிடுவார். குசினி சபாபதி முப்பதாகக் குறைந்திருந்தார், போர்ச் இருபத்துநாலு, ஸ்டோர் பதினொன்று. ஹால் சபாபதி இருபது. ஒரு பச்சைக் குலையின் எடை. இனி எவராலும் தனியாக ஃபோர்க்லிஃப்டை நகர்த்த முடியாது என்று தெரிந்தபோது ஹால் சபாபதி ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். தனக்கு இல்லாதது அவனுக்கும் இல்லை.

அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்கப் போகலாம், அதுவும் குடும்பத் தலைவர் மட்டும் என்றது அரசாங்கம். அந்த வீட்டில் ஐந்து குடும்பத் தலைவர்கள் இருந்தார்கள். தினம் காலையில் கேட்டருகே சண்டை. ஒருவரைப் போகவிடாமல் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். பாரம் இல்லாதவர்கள் என்பதால் அடி விழுந்தாலும் வலிக்காது, சத்தம் மட்டும் வரும். கடைசியில் லோகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு தானே போனாள். சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் உன் வீட்டுத் தலைவர் யார் என்று மலாயில் கேட்டார். "அத முடிவு பண்ணிட்டு அப்புறமா அனுப்புறேன் டத்தோ" என்றாள் அவள். போலீஸ்காரருக்கு டத்தோ பட்டம் பிடித்துப்போனது, விட்டுவிட்டார்.

ஊரடங்கு தளர்ந்ததும் தாமரையின் பேராசிரியர் ஜெயந்திரன் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவரின் பேரன். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுகிறவர். ஐந்து பேரையும் பார்த்து ஐந்து முறை கைகுலுக்கினார். டீ குடித்துவிட்டு மாணவியிடம் சொன்னார்: "தலையை எண்ணாதே பிள்ளை. தலையை எண்ணினா நாட்டில ஐம்பது கட்சி எண்டும் சொல்லலாம். ஆர் சேர்ந்தாச் சீட்டு அசையும், ஆர் இல்லாட்டி அசையாது, அவையை மட்டும் எண்ணு."

ஹால் சபாபதி, "அப்ப மிஷின் மேல இருக்கிறத எண்ணாதீங்க சார். ஃபேன் போட்டா பறந்துரும்" என்றார்.

மிஷின் சபாபதி மேலே இருந்தபடியே, "நாளைக்குக் காலைல நீங்களும் போர்ச்சும் சீட்டுல ஏறி ரெண்டு கிலோ பத்தலன்னு கூப்பிடுவீங்கல்ல, அப்பப் பேசிக்குவோம்" என்றார்.

உண்மைதான். ஹாலும் போர்ச்சும் சேர்ந்து நாற்பத்துநாலு. மிஷின் ஏறினால்தான் வண்டி நகர்ந்தது. அதற்காக மிஷின் சபாபதி சம்பளத்தில் பாதி கேட்டார், ஞாயிறு கோழியில் தொடை கேட்டார், கிளைக் கூட்டத்தில் மேடை கேட்டார். கொடுத்தார்கள். பேராசிரியர் அவரையும் எண்ணிக்கொண்டார். "இனி, இவைக்கு இடையில தூரம் எவ்வளவு எண்டு பார்" என்றார். "அஞ்சு பேரும் கிட்டக் கிட்ட நிண்டா அது ஒரு வகை. ஒரு அந்தம் மற்ற அந்தத்தைப் பார்க்கவே மாட்டன் எண்டா அது வேற வகை. எண்ணிக்கை ஒண்டுதான், ஆனா வீடு நிக்கிறதும் விழுறதும் அந்தத் தூரத்தில."

தாமரை அளந்தாள். ஹாலில் ஹால் சபாபதி உட்காருகிற இடத்துக்கும் குசினியில் கவிழ்த்த வாளிக்கும் நடுவில் ஒன்பது தரைக்கல். அந்த ஒன்பது கல்லை ஹால் சபாபதி ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குழாயில் குடிப்பார். பேராசிரியர் தாடையைத் தடவிக்கொண்டு, "இது முற்றிப் பிளந்த வகை" என்றார். லோகேஸ்வரி அவருக்கு இன்னொரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அதுக்கு மருந்து இருக்கா சார்?" என்றாள். மருந்து தன்னுடைய துறையில்லை என்று பேராசிரியர் வருத்தத்தோடு சொன்னார்.

மருந்தை அடுத்த தேர்தல் கொண்டுவந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பரில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நேற்றுவரை முகம் பார்க்காதவர்கள் சேர்ந்துதான் ஆட்சி என்றானது. போர்ச் சபாபதி இனி யாரோடும் ஏற மாட்டேன் என்றுவிட்டார், மிஷின் சபாபதி ஏறுவதற்கு முழுச் சம்பளமும் கேட்டார். அந்த வாரம் கிடங்கில் எந்தக் கணக்குப் போட்டாலும் ஒன்றுதான் வந்தது: குசினி சபாபதியும் ஹால் சபாபதியும் சேர்ந்து உட்கார்ந்தால் வண்டி நகரும், இல்லாவிட்டால் வேலை போகும். நாட்டில் கட்சி தாவக் கூடாது என்று அப்போது சட்டம் வந்திருந்தது. சூப்பர்வைசர் பையனும் அதே போல, காலையில் யார் ஏறினார்களோ அவர்கள்தான் சாயங்காலம் வரை, நடுவில் இறங்கி ஆள் மாற்றக் கூடாது என்றான். ஆகவே குசினி சபாபதி சீட்டில் உட்கார, ஹால் சபாபதி அவர் மடியில் உட்கார்ந்தார். எட்டு மணி நேரம். ஸ்டியரிங் ஒருவர், தூக்குக் கைப்பிடி ஒருவர். கிடங்கில் முதல் இரண்டு நாள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் லோரிக்காரர்கள், "பொஸ், ரெண்டு பேரும் கொஞ்சம் வேகமாத் தூக்குங்க, வெயில் ஏறுது" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். ஆனால் மடியில் இருந்தவருக்கு வேறு வேதனை. தலைக்குப் பின்னால் இருந்த சட்டையிலிருந்து வெங்காயமும் நல்லெண்ணெயும் லோகேஸ்வரி போடுகிற பவுடரும் மணத்தன. அவள் பக்கத்தில் நின்றுதான் அந்த மணம் ஒட்டியிருக்கும். எட்டு மணி நேரமும் அவர் அதை மூச்சுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

தாமரைக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். மாப்பிள்ளை பிரவின், பிரிக்ஃபீல்ட்ஸ்காரன், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவனுக்கு ஐந்து மாமனார்கள் என்பதில் ஆட்சேபம் இல்லை. அவன் அம்மா ரமணிக்குத்தான் ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. வெற்றிலை மாற்ற வந்த அன்று நேராகவே கேட்டாள்: "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. சாப்பாட்டுக்கு அஞ்சு பேர் உட்காரலாம், போட்டோவுக்கு அஞ்சு பேர் நிக்கலாம். தாரை வாக்குறப்போ பொண்ணு கையப் புடிச்சுக் குடுக்குறது ஒரு அப்பாதான். அது யாருன்னு சொல்லிட்டீங்கன்னா எங்க ஆளுங்க வாய அடைச்சுருவேன் லா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. ஹால் சபாபதி, "பொறந்தப்ப தாதி கையிலேருந்து வாங்குனது நானு" என்றார். போர்ச்சிலிருந்து, "நானுந்தான்" என்று குரல் வந்தது. ஸ்டோரிலிருந்து, "வெள்ளத் துணி, நீலக் கரை" என்று குரல் வந்தது. மிஷின் சபாபதி அழவே தொடங்கிவிட்டார், காய்ச்சல் வந்த குழந்தையை மழையில் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியது நினைவுக்கு வந்து. பிரிந்த நாளுக்கு முன்னால் நடந்ததெல்லாம் ஐந்து பேருக்கும் சொந்தம். அதுதான் ஹால் சபாபதியால் தாங்க முடியவில்லை. பாரம் போனது, சீட் போனது, சிரிப்பு போனது. மகளைத் தூக்கிய ஞாபகமாவது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தார். அதையும் ஐந்து பேர் தின்றுகொண்டிருந்தார்கள். தாமரையைக் கேட்டால், "அஞ்சு பேரும் அப்பாதான்" என்றாள். லோகேஸ்வரியைக் கேட்டால், "சோறு பொங்குது, தள்ளுங்க" என்றாள்.

ஹால் சபாபதி தனக்குத் தெரிந்த வழிக்குப் போனார். கல்யாணத்துக்கு முந்தின நாள், பெண்ணும் லோகேஸ்வரியும் அலங்காரக்காரி வீட்டில் தங்கப் போன பிறகு, மற்ற நாலு பேரையும் தனித்தனியாகப் பார்த்து, முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளிப்போய்விட்டது, ஐயர் இப்போதுதான் போன் பண்ணினார், வேன் பத்து மணிக்கு வரும் என்று சொன்னார். நாலு பேரும் சரி என்றார்கள். அவர்கள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது அவரை யோசிக்க வைத்திருக்க வேண்டும். விடியும் முன் பட்டுச் சட்டை, வேட்டி, தானே வாங்கிவைத்திருந்த ரோஜா மாலையோடு முதல் ரயிலைப் பிடித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு முன்னால் பட்டுச் சட்டை, வேட்டி, ரோஜா மாலையோடு குசினி சபாபதி நின்றிருந்தார். போர்ச் சபாபதி கீரை லோரியில் வந்து இறங்கினார். ஸ்டோர் சபாபதி முந்தின ராத்திரியே வந்து சுவரோரம் காத்திருந்திருக்கிறார். மிஷின் சபாபதியைக் காணோமே என்று பார்த்தால், காற்று தூக்கி கேட்டுக்கு உள்ளேயே போட்டிருந்தது. ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் வேறு வேறு நேரம் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் கிளைக் கூட்டம் நடத்தியது ஐந்து பேரும்தான் என்பதை ஹால் சபாபதி மறந்துபோயிருந்தார்.

மண்டபக் காவல்காரர் நாகையா பல்குச்சியோடு வந்து கம்பி வழியே பார்த்தார். "என்ன பொஸ், மாப்பிள்ளையே இன்னும் குளிக்கல. பொண்ணுக்கு அப்பா இப்பவேவா?" என்றார். பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாருமா?" என்றார்.

எதிரே ரொட்டி சானாய்க் கடை திறந்திருந்தது. ஒரே பெஞ்சுதான் காலியாக இருந்தது. ஐந்து பேரும் அதில் உட்கார்ந்தார்கள், பெஞ்சு முனகவில்லை. ஐந்து தே தாரேக் டீ வந்தது. குசினி சபாபதி தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பதினொண்ணுன்னு நீ சொன்னப்பவே தெரியும். நானும் பதினொண்ணுன்னுதான் சொல்லலாம்னு இருந்தேன், நீ முந்திக்கிட்ட, அப்புறம் பத்தரைன்னு மாத்திக்கிட்டேன்" என்றார். போர்ச் சபாபதிக்குச் சிரிப்பு வந்தது. ஹால் சபாபதி சிரிக்கவில்லை. "நீ எப்படி அவளச் சிரிக்க வைக்கிற?" என்று கேட்டார். ஐந்தரை வருஷமாகத் தொண்டையில் கிடந்த கேள்வி. குசினி சபாபதி யோசித்தார். "நான் ஒண்ணும் பண்ணல. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் இருக்கேன். அவ்வளவுதான்" என்றார். ஹால் சபாபதிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று நினைத்தார்.

முகூர்த்த நேரத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. நம் கல்யாணங்களில் ஒலிபெருக்கி பிடிப்பவர் ஒருவர் இருப்பார். பெரிய மனிதர்களைப் பட்டத்தோடு மேடைக்கு அழைத்து மாலை போட வைப்பது அவர் வேலை. அவர் குரலை ஏற்றி, "மணமகளின் அன்புத் தந்தை, கிளைத் தலைவர், சமூக சேவகர் திரு சபாபதி அவர்களை மணமேடைக்கு அன்போடு அழைக்கிறோம்" என்றார். ஐந்து பேரும் எழுந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒருமுறை ஊதுவதா ஐந்து முறை ஊதுவதா என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போனார். மேடையில் லோகேஸ்வரிக்குப் பக்கத்தில் ஒரு மணைதான் இருந்தது. ஹால் சபாபதி முதல் வரிசையின் முதல் நாற்காலியைக் காலையிலேயே பிடித்து வைத்திருந்தார். மூன்று எட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மற்ற நாலு பேரும் படியில் நின்றுவிட்டார்கள். ரமணி வீட்டு ஆட்கள் தலையை ஆட்டினார்கள். ஆக, இவர்தான். ஹால் சபாபதி திரும்பி, படியில் நின்ற குசினி சபாபதியை ஒரு பார்வை பார்த்தார். ஃபோர்க்லிஃப்ட் சாவியைத் திரும்ப வாங்கினவன் பார்வை.

ஐயர் கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கையில் வெற்றிலை பாக்கோடு தேங்காய் வைத்தார். அதன் மேல் மாப்பிள்ளையின் கை. அதன் மேல் தாமரையின் கை, முழங்கை வரை வளையல், மருதாணி, மோதிரம். ஹால் சபாபதியின் கை இறங்கியது. அவர் மூச்சைப் பிடித்தார். இறங்கியது. குலை குலையாகத் தூக்கி லோரியில் எறிந்த கை. மகள் கையின் பாரம் தாங்காமல் நடுங்கிக்கொண்டு மணையை நோக்கிப் போனது. அவர் உடம்பே முன்பக்கம் சாய்ந்து, ஃபோர்க்லிஃப்டின் தூக்குக் கம்பி தாழ்கிற மாதிரி தாழ்ந்தது. "கைய ஆட்டாதீங்கோ" என்றார் ஐயர். தாமரை புரிந்துகொண்டு தன் கையைத் தானே தூக்கிப் பிடிக்கப் பார்த்தாள். அதுதான் அவரைக் கொன்றது. அப்பன் கையில் பாரம் இறக்காமல் பெண் தன் பாரத்தைத் தானே சுமப்பதா? "வைம்மா, நல்லா வை" என்றார். வைத்தாள். தேங்காய் நழுவத் தொடங்கியது.

"டேய்" என்றார் ஹால் சபாபதி, படியைப் பார்க்காமல். "வாங்கடா."

குசினி சபாபதி முதலில் வந்தார். ஹால் சபாபதியின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். போர்ச்சும் ஸ்டோரும் இரண்டு பக்கமும் மண்டியிட்டு அதற்கும் அடியில் கை கொடுத்தார்கள். மிஷின் சபாபதிக்கு இடமில்லை. அவர் ஒரு விரலை மட்டும் எங்கேயோ நுழைத்தார். கை நின்றது. ஆடாமல் நின்றது. லோகேஸ்வரி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மகள் கையில் விழுந்து, மாப்பிள்ளை கையில் இறங்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்த நாலு கைகளையும் ஒரு விரலையும் நனைத்துத் தாம்பாளத்தில் சொட்டியது. கூட்டம் அரிசி போட்டது. ஹால் சபாபதி தண்ணீரைப் பார்க்கவில்லை. ஊற்றும்போது அவள் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாலு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் செம்பை மட்டும் பார்த்தாள்.

ரமணியின் ஆட்களுக்கு அதற்கு மேல் சந்தேகம் எழவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் ஒரு கிழவர், ஐந்து அப்பா சேர்ந்து கொடுத்த பெண், உறுதியாக நிற்கும் என்றார். பேராசிரியர் ஜெயந்திரன் பாயசத்தை வைத்துவிட்டு மேடைப் பக்கம் பார்த்தபடி, கைகளுக்கு இடையில் தூரம் இல்லை, ஆனால் ஒருவரும் ஒருவரை மன்னிக்கவில்லை, இதை எந்த வகையில் போடுவது என்று பிரவினின் சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா, "குடும்பம்னு போடுங்க சார்" என்றார்.

கல்யாணம் முடிந்து கிள்ளானுக்குத் திரும்பிய சாயங்காலம், மகள் இல்லாத வீட்டில், ஹால் சபாபதி அந்த ஒன்பது கல்லையும் தாண்டிக் குசினி வாசலுக்கு வந்தார். மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். லோகேஸ்வரி பூவை எடுத்துவிட்டுக் கொண்டை ஊசிகளை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கள்ல யாரு உனக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகாமல், பதில் வரும் வரைக்கும் நின்றார்.

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தாள். ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"இப்பத்தான் அஞ்சு பேரும் என்னப் பாத்துக் கேக்குறீங்க" என்றாள். "சொல்லிட்டேன்னா நிறுத்திருவீங்க."

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. தினம் சாயங்காலம் கேட்கிறார்கள், சில நாள் ஒருவர், சில நாள் எல்லாரும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் ஒருவர் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டிருப்பார், ஒருவர் மீன் கழுவியிருப்பார், ஒருவர் அவள் முழங்காலுக்குத் தைலம் வாங்கிவந்திருப்பார், யார் முதலில் செய்தது என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே. புஷ்பவல்லி தன் புருஷனை ஒவ்வொரு தேர்தலுக்கு முந்தின ராத்திரியும் தராசில் நிறுத்திப் பார்க்கிறாள், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. தாமரையின் ஆய்வு ஏற்கப்பட்டது. அந்தத் தாமானில் இப்போது வீடு வாடகைக்கு வருகிறவர்களுக்கு, தண்ணீர் விட்டு விட்டு வரும், முன்பக்கம் சாக்கடை அடைக்கும், நாலாம் வீட்டில் சபாபதி ஐந்து பேர் என்று தரகர் சொல்லிவிடுகிறார். வாடகை ஆயிரத்து முந்நூறு வெள்ளி. தண்ணீரைப் பற்றி மட்டும்தான் மறுபடி கேட்கிறார்கள்.